அருணையில் அமைந்த ஸ்ரீசக்கர மேரு

திருக்குடமுழுக்கு நிகழும் கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் முதலிற் காண்பது யாகசாலை. ஒன்பது குண்டங்கள் அமைக்கும் முறையில், தீ வளர்க்கும் குண்டங்கள் யாவும் ஒரே வடிவினவாக இரா. கிழக்கே சதுரம், தென்கிழக்கே அரசிலை வடிவம், தெற்கே அரைமதி, தென்மேற்கே முக்கோணம், மேற்கே வட்டம், வடமேற்கே அறுகோணம், வடக்கே தாமரை, வடகிழக்கே எண்கோணம் என எண்டிசைக்கும் எட்டு வடிவங்கள் அமையும். ஒன்பதாவதாகிய தலைமைக் குண்டம் தனித்து நிற்கும். தீ ஒன்றே, அது தங்கும் வடிவங்களோ பல.

யாகசாலையில் கண்ணுக்குப் புலனாவது இது. கண்ணுக்குப் புலனாகாதது ஒன்றும் உண்டு. மூர்த்தியைப் பீடத்தில் நிலைநிறுத்துமுன், கோடுகளும் எழுத்துக்களும் பொறித்த யந்திரத் தகடு பீடத்தினடியில் வைக்கப்படுகிறது. அஷ்டபந்தன மருந்து சாத்திய பின் அத்தகட்டை எவரும் காண்பதில்லை. எனினும் அதுவே அத்திருமேனியின் ஆற்றலுக்கு அடிநிலை என்பது ஆகமம் வல்லோர் கொள்கை.

கோட்டுக்கும் கோணத்துக்கும் இத்துணை ஏற்றம் எதனால் வந்தது? மனம் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே விடை. ஓடும் கன்றைத் தறியில் கட்டுவது போல, ஓடும் மனத்தை ஒரு குறியில் கட்டுதலே தியானத்தின் முதற்படி. பதஞ்சலி முனிவர் தம் யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதத்தை இதனை விளக்கியே தொடங்குகிறார். சித்தத்தை ஓரிடத்தில் கட்டுதல் தாரணை. அங்கே எண்ணம் இடையறாது ஓடுதல் தியானம் என்பது அவர் வகுத்த முறை. தமிழில் திருமூலர் திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தைப் பெரும்பாலும் சக்கரங்களுக்கே ஒதுக்கினார். திருவம்பலச் சக்கரம், திரிபுரைச் சக்கரம், புவனாபதி சக்கரம், நவாக்கரி சக்கரம் என அங்கே வரும் தலைப்புகளே இம்மரபு தமிழகத்தில் எவ்வளவு தொன்மையானது என்பதற்குச் சான்று.

இவ்வரிசையில் திருவண்ணாமலை தரும் சான்று தனிச் சிறப்புடையது. எவ்விதப் புறத்துணையும் வேண்டாது தன்னைத் தானே நாடுக என்று போதித்த ஸ்ரீ ரமண மகரிஷி, தம் வாழ்வின் இறுதிக் காலத்தில் கருங்கல்லில் அமைந்த ஒரு ஸ்ரீசக்கர மேருவைத் தம் கண்காணிப்பிலேயே நிலைநிறுத்தச் செய்தார். குறி வேண்டாதவர் குறியின்பால் இத்துணை அக்கறை கொண்டது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண்பார்க்கு, தியானத்தில் குறியின் பயனும் எல்லையும் ஒருங்கே விளங்கும்.

மலையே குறியானது

திருவண்ணாமலையில் மக்களின் கண் முதலிற் படுவது கோயில் அன்று, மலையே. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,668 அடி உயர்ந்து நிற்கும் அம்மலையைச் சிவபெருமானின் இலிங்கத் திருமேனியாகவே சைவர்கள் போற்றுவர். பிரமனும் திருமாலும் அடிமுடி தேடிக் காணாத அழற்பிழம்பு குளிர்ந்து மலையானது என்பது புராணம். ஐம்பெரும் பூதங்களுள் தீக்குரிய தலம் இதுவே. மலையடியில் எழுந்த அண்ணாமலையார் கோயிலின் கிழக்குக் கோபுரம் பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்தது; கிருஷ்ணதேவராயர் தொடங்கிய அத்திருப்பணியைத் தஞ்சை நாயக்க மன்னர் சேவப்பர் நிறைவேற்றினார். மனிதன் எழுப்பிய கோபுரம் அத்துணை ஓங்கியும், அதன் பின்னே மலை அமைதியாக மேலோங்கி நிற்பதைக் காண்போர் உணர்வர்.

மலையை வலம் வரும் வழி ஏறத்தாழ 14 கிலோமீட்டர். எண்டிசையிலும் இந்திரலிங்கம் முதல் ஈசானிய லிங்கம் ஈறாக எட்டு இலிங்கங்கள் அவ்வழியில் அமைந்துள்ளன. நடப்பவர் ஒவ்வோர் இடத்திலும் நின்று மலையை நோக்கிக் கைகூப்புவர். ஓரிடத்தில் ஒற்றை முடியாகத் தோன்றும் மலை, மற்றோரிடத்தில் பல முகடுகளாகப் பிரிந்து காட்சி தரும். கால் நடக்க, கண் ஒன்றையே நோக்க, நா ஒரு நாமத்தையே உரைக்க, மனம் மெல்ல அடங்குகிறது. எழுத்தறியாதவரும் இயற்றக்கூடிய தியானம் இது. நூல் கற்றோர் தாரணை என்று கூறுவதை உழவரும் தொழிலாளரும் மலைவலம் என்ற பெயரில் காலங்காலமாகச் செய்து வருகின்றனர்.

கார்த்திகைத் திருநாளில் அம்மலை தன் குறியை இன்னும் கூர்மையாக்கிக்கொள்கிறது. விடியற்காலையில் கோயிலினுள் பரணி தீபம். மாலையில் அர்த்தநாரீசுவரர் சன்னதியை விட்டு வெளிப்போந்து சில மணித்துளிகளே காட்சி தருகிறார். அவ்வேளையில் மலையுச்சியில் செப்புக் கொப்பரையில் நெய்யும் திரியும் இட்டு மகாதீபம் ஏற்றப்படுகிறது. பகல் முழுதும் பரந்து கிடந்த மலை, இருளில் ஒரு புள்ளியாகச் சுருங்கி ஒளிர்கிறது. பல காத தூரத்துச் சிற்றூர்களில் வாசலில் நிற்பவரும் அப்புள்ளியை நோக்கியே விளக்கேற்றுவர். அவ்வொளி பதினொரு நாள் மலைமேல் நிலவும். பின்னர் கொப்பரையில் படிந்த மை ஆருத்திரா தரிசனத்தையொட்டி அன்பர்களுக்குத் திலகமாக வழங்கப்படும்.

2024ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள், பெரும்புயல் மழையில் மலைச்சரிவு நிகழ்ந்து அடிவாரத்தில் எழுவர் உயிரிழந்தனர். அவருள் ஐவர் குழந்தைகள். மண் நெகிழ்ந்திருந்தமையால், அவ்வாண்டு திசம்பர் 13ஆம் நாள் நிகழ்ந்த தீபத்தின்போது பக்தர்கள் மலையேற இசைவு அளிக்கப்படவில்லை. கொப்பரையும் நெய்யும் கொண்டு செல்வோர் மட்டுமே ஏறினர். ஆயினும் அன்று மாலை கீழே நின்ற பெருங்கூட்டத்தின் பார்வை என்றும் போல் ஒரே புள்ளியில் நிலைத்தது. மிதிக்க இயலாத மலையும் காணக் கிடைத்தது; துயருற்ற ஊருக்கு அக்காட்சியே ஆறுதலாயிற்று. மெய் சென்று சேர இயலாத இடத்துக்குக் கண் சென்று சேரும் என்பதே குறி வழிபாட்டின் முதற் பயன்.

கோடும் கோணமும்

மலை இயற்கை தந்த குறி. மனிதன் கணக்கிட்டு வரைந்த குறிகளுள் தலையாயது ஸ்ரீசக்கரம். சிவத்துக்குரிய நான்கு முக்கோணங்களும் சக்திக்குரிய ஐந்து முக்கோணங்களும் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக நின்று ஊடுருவுகின்றன. அவ்வொன்பதும் வெட்டிக்கொள்வதால் நாற்பத்துமூன்று சிறு முக்கோணங்கள் பிறக்கின்றன: நடுவே ஒன்று, அதனைச் சுற்றி எட்டு, பின்னர் பத்து, மீண்டும் பத்து, அதன் புறத்தே பதினான்கு. இவற்றுக்கு வெளியே எட்டிதழ்த் தாமரை, பதினாறிதழ்த் தாமரை, மூன்று வட்டங்கள், நான்கு வாயில்களையுடைய சதுரம் ஆகியவை அமையும். எல்லாவற்றுக்கும் நடுவில் பிந்து என்னும் புள்ளி. இவ்வமைப்பைச் சௌந்தரியலகரியின் பதினோராம் சுலோகம் தொகுத்துரைக்கிறது. அந்நூலை வீரை கவிராச பண்டிதர் தமிழ்ச் செய்யுளாக்கினார்.

ஸ்ரீசக்கரத்தை வரைந்து பார்த்தவர் அதன் அருமையை அறிவர். ஒரு கோடு நூலிழையளவு விலகினும், மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் கூட வேண்டிய இடத்தில் கூடாமற் போகும். ஓரிடத்துப் பிழை மற்றெல்லா இடத்தும் பரவும். ஆகவே வரைபவனது கவனம் கணமேனும் சிதறலாகாது. வரைதலே தியானமாகிறது. வரைந்த பின் காண்பவனுக்கும் அஃதே. புறச்சதுரத்தின் வாயிலில் நுழையும் பார்வை வட்டங்களையும் இதழ்களையும் கடந்து, கோணம் கோணமாக உட்சென்று, முடிவில் புள்ளியை அடைகிறது. இவ்வாறு புறத்திலிருந்து அகம் செல்வது ஒடுக்க முறை; புள்ளியிலிருந்து புறம் வருவது படைப்பு முறை. வழிபாட்டிலும் இவ்விரு முறைகள் உண்டு. ஒன்பது சுற்றுக்களும் ஒன்பது ஆவரணங்கள் எனப் பெயர் பெறும். புறச்சுற்று மூவுலகையும் மயக்குவது என்றும், நடுப்புள்ளி முழுதும் ஆனந்தமயமானது என்றும் அவற்றுக்குப் பெயரிட்டனர் பெரியோர். மயக்கத்தில் தொடங்கி ஆனந்தத்தில் முடியும் இப்பெயர் வரிசையே ஒரு சாதனைப் பாதை.

தளத்தில் வரைந்த சக்கரத்தையே படிப்படியாக உயர்த்தி மலைபோல் எழுப்பினால் அது மேரு எனப்படும். அப்போது நடுப்புள்ளி சிகரமாகிறது. காஞ்சி காமாட்சியம்மையின் திருமுன் ஸ்ரீசக்கரம் விளங்குவதும், திருவானைக்கா அகிலாண்டேசுவரியின் திருச்செவியணிகள் ஸ்ரீசக்கர வடிவின என்று போற்றப்படுவதும் பலரும் அறிந்தவை. சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர், திருவாரூர்க் கமலாம்பிகை மீது ஆவரணத்துக்கு ஒன்றாக ஒன்பது கீர்த்தனைகள் இயற்றினார். அவரே ஐம்பூதத் தலங்களைப் பாடியபோது, திருவண்ணாமலை அக்கினி லிங்கத்தைச் சாரங்க இராகத்தில் பாடினார். மலையாகிய இலிங்கமும் சக்கரமாகிய சக்தியும் ஒரே உபாசகரின் உள்ளத்தில் ஒன்றியிருந்தன.

திருவண்ணாமலையின் தலவரலாறும் இதற்கு இசைந்ததே. உமையம்மை பவளக்குன்றில் கௌதம முனிவரின் துணையோடு தவமியற்றி, இறைவனின் இடப்பாகம் பெற்றாள் என்பது புராணம். தீப நாளில் அர்த்தநாரீசுவரர் வெளிப்போதுவது அந்நிகழ்ச்சியின் நினைவே. சிவகோணமும் சக்திகோணமும் பிரிக்க ஒண்ணாதபடி பின்னிக் கிடக்கும் ஸ்ரீசக்கரம், இப்புராணத்தைக் கோடுகளால் எழுதிக் காட்டுவது போல்வது.

அன்னையின் சமாதியும் கோயிலும்

1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் பதினாறு வயதினரான வேங்கடராமன் மதுரையை நீத்துத் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அதன் பின் 1950ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் உடல் நீங்கும் வரை அவர் அத்தலத்தை விட்டு அகலவில்லை. ஆயிரக்கால் மண்டபத்தையடுத்த பாதாள லிங்கக் குகை, குருமூர்த்தம், பவளக்குன்று, விரூபாட்ச குகை, கந்தாசிரமம் என அவர் தங்கிய இடங்கள் யாவும் மலையின் அடியும் மடியுமே. மகனைத் தேடி வந்த அன்னை அழகம்மையார் அவரைக் கண்டதும் பவளக்குன்றிலேதான்.

பிற்காலத்தில் அவ்வன்னையார் மகனோடு மலையிலேயே தங்கி, 1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் கந்தாசிரமத்தில் இறையடி சேர்ந்தார். மலையின் தென்னடிவாரத்தில் அவர் உடல் சமாதி செய்யப்பெற்றது; அதன்மேல் ஓர் இலிங்கம் அமைந்தது. மகரிஷியும் அவ்வாண்டிலேயே மலையிலிருந்து இறங்கி அவ்விடத்தில் தங்கலானார். இன்றைய ஸ்ரீ ரமணாசிரமம் அச்சமாதியைச் சூழ்ந்து வளர்ந்ததேயாகும். 1939ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் கற்கோயிலுக்குக் கடைக்கால் இடப்பட்டது. மகரிஷியின் தம்பியாரும் ஆசிரமப் பொறுப்பாளருமான நிரஞ்சனானந்த சுவாமிகள் முயற்சியால் நிதி திரண்டது. வைத்தியநாத ஸ்தபதி கலைப்பொறுப்பேற்றார். உலகப்போர் நிகழ்ந்த அக்கடுங்காலத்தையும் கடந்து, பத்தாண்டு நிறையும் தறுவாயில் மாத்ருபூதேசுவரர் ஆலயம் முற்றுப்பெற்றது. தாயாகி நின்ற ஈசன் என்பது அத்திருநாமத்தின் பொருள்.

அக்கருவறையில் இலிங்கத்தோடு ஸ்ரீசக்கர மேருவும் அமைவதென முடிவாயிற்று. ஒன்றரை அடிச் சதுரத்தில், அதற்கேற்ற உயரத்தில், கருங்கல்லைச் செதுக்கி மேரு உருவாயிற்று. சிற்றுளி சற்றே பிசகினும் கோணம் முறியும். மெழுகில் வார்ப்பதுபோல் கல்லில் திருத்திக்கொள்ள இயலாது. அவ்வேலையின் போக்கை மகரிஷி மிக்க ஈடுபாட்டுடன் கவனித்து வந்தார்.

1949ஆம் ஆண்டின் இரவுகள்

திருக்குடமுழுக்கு 1949ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாளுக்குக் குறிக்கப்பெற்றது. அப்போது மகரிஷிக்கு வயது அறுபத்தொன்பது. இடக்கையில் தோன்றிய கட்டிக்குப் பிப்பிரவரி 9ஆம் நாள் முதல் அறுவை நிகழ்ந்திருந்தது. மார்ச்சு 27ஆம் நாள் இரண்டாம் அறுவை நிகழவிருந்தது. பின்னர் அவர் உடலை நீக்கிய நோயே அது. இரு அறுவைகளுக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் குடமுழுக்கு வந்தது.

அந்நாட்களில் நிகழ்ந்ததை நேரிற்கண்டு எழுதி வைத்தவர் மேஜர் சாட்விக் என்னும் ஆங்கிலேயர். படைத்துறையில் பணியாற்றிய அவர் 1935ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் திருவண்ணாமலை வந்து, சாது அருணாசலர் என்ற பெயருடன் 1962இல் உயிர் நீங்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். மேருவைக் கருவறையில் நிலைநிறுத்திய இரவு கடும் வெப்பமாக இருந்தது என்கிறார் அவர். காற்றுப் புகாத கருவறையினுள், பிடிமானப் பொருளை உருக்குவதற்காக மூன்று கரியடுப்புகள் வேறு கனன்றுகொண்டிருந்தன. இளைஞரும் நிற்க இயலாத அவ்வெம்மையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் மகரிஷி அமர்ந்து, பணியாளர்க்கு இன்னது செய்க என உரைத்துக்கொண்டிருந்தார். மற்றோர் இரவில் ஊர்வலமாக வந்து புதிய மண்டபத்தையும் கோயிலையும் திறந்து, நேரே கருவறை புகுந்து, தம் இரு கைகளையும் மேருவின்மேல் வைத்தவாறு ஐந்து நிமிட அளவு மௌனமாக நின்றார். பொதுவாக இத்தகைய சடங்குகளில் முன்னிற்பதை விரும்பாத சாட்விக், அன்று ஏனோ அவர் அருகிலேயே இருந்தார். சிவம் என்றும் சக்தியோடு கூடியே இருத்தல் வேண்டும் என்பதே இச்செயலின் உட்கருத்தாகலாம் என்பது அவர் கொண்ட விளக்கம்.

குடமுழுக்கின் பின் ஒருநாள் அம்மேருவுக்கு விரிவான பூசனை நிகழ்ந்தது. இரவு உணவுக்கு அழைத்தும் எழாது, பூசனை முடியும் வரை மகரிஷி அமர்ந்திருந்தார். இது முறையாக நடந்தால் எத்துணை நன்று என ஒருவர் கூறியபோது, நன்றுதான், ஆனால் அச்சிரமத்தை எடுத்துக்கொள்பவர் யார் என்ற பொருள்பட மகரிஷி மறுமொழி பகர்ந்தார். அம்மொழி சாட்விக்கின் நெஞ்சில் தங்கிவிட்டது.

இலயமும் நாசமும்

இனி, முன்பு எழுந்த வினாவை நோக்குவோம். மகரிஷி 1927இல் முருகனாரின் வேண்டுகோளுக்கு இணங்கி இயற்றிய உபதேச உந்தியார் முப்பதே செய்யுட்களால் ஆயது. அதில் அவர் எதனையும் புறந்தள்ளவில்லை, வரிசைப்படுத்துகிறார். உடலால் இயற்றுவது பூசனை, வாக்கால் இயற்றுவது செபம், மனத்தால் இயற்றுவது தியானம். ஒன்றினும் ஒன்று உயர்ந்தது. எனினும் ஒவ்வொன்றும் படியே. கீழ்ப்படியை இடித்துவிட்டு மேற்படியில் நிற்க இயலாது.

அந்நூலில் மன ஒடுக்கத்தை அவர் இரண்டாகப் பகுக்கிறார்: இலயம், நாசம். இலயித்த மனம் மீண்டும் எழும். நாசமுற்ற மனம் மீண்டும் எழாது. இப்பகுப்பு இன்றியமையாதது. ஒரு விளக்கொளியையோ யந்திரத்தையோ அரை நாழிகை நோக்கியிருப்பவர்க்கு மூச்சு நிதானமாகும், பரபரப்புத் தணியும், உள்ளத்தில் இனிமை பரவும். அது நன்றே. எனினும் எழுந்து தெருவுக்கு வந்ததும் பழைய கவலைகள் வாயிலில் காத்திருக்கும். ஏனெனில் அங்கே நிகழ்ந்தது ஓய்வே. தறியில் கட்டிய கன்று அமைதியாக நின்றது, அவிழ்த்ததும் ஓடிற்று. அமைதியுற்ற அவ்வேளையில், காண்பவன் யார் என்று திரும்பி நோக்குவதே மகரிஷி காட்டிய நெறி.

காவியகண்ட கணபதி முனிவர் வாழ்வு இதற்குச் சான்று. மந்திர சாத்திரத்தில் கரைகண்டவர்; சக்தி உபாசகர். பல ஆண்டுகள் செபம் இயற்றியும் உள்ளம் நிறைவுறாத அவர், 1907ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் கார்த்திகைத் திருவிழாக் காலத்தில் விரூபாட்ச குகைக்கு ஏறிச் சென்று தவம் யாதெனக் கேட்டார். நான் என்பது எங்கிருந்து எழுகிறதென நோக்கினால் மனம் அங்கே ஒடுங்கும். மந்திரத்தை உச்சரிக்கையில் அவ்வொலி எங்கிருந்து எழுகிறதென நோக்கினாலும் மனம் அங்கே ஒடுங்கும். அதுவே தவம் என்பது பெற்ற விடையின் சாரம். மந்திரத்தை விடுக என்று அவரிடம் கூறப்படவில்லை. மந்திரத்தின் வழியே மூலத்துக்குச் செல்க என்றே காட்டப்பட்டது. செவிக்குரிய குறிக்குச் சொன்ன இந்நெறி கண்ணுக்குரிய குறிக்கும் பொருந்தும். மேருவின் புள்ளியில் நிலைத்த பார்வை, பார்ப்பவனிடம் திரும்புதல் வேண்டும்.

கடல் கடந்தவர் கண்டவை

இவ்வுண்மை ஒரு சமயத்தார்க்கோ ஒரு நாட்டார்க்கோ மட்டும் உரியதன்று. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் ஈழத்து அநுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம், தியானத்துக்கான மண்வட்டத்தைச் செய்யும் முறையை விரித்துரைக்கிறது. ஒரு சாணும் நான்கு விரலும் அகலமுள்ள வட்டத்தை மண்ணால் மெழுகி, சமமாகத் தேய்த்து, எதிரே அமர்ந்து நோக்குதல் வேண்டும். கண்ணைத் திறந்தும் மூடியும் பழகப் பழக, மூடிய கண்ணிலும் அவ்வட்டம் தெளிவாகத் தோன்றும். அப்போது புறவட்டத்தை விட்டு அகவட்டத்தோடு எழுந்து செல்லலாம். அம்மண் விடியற்செம்மை நிறமாகிய அருண நிறத்ததாதல் வேண்டும் என்கிறது அந்நூல். அருணமலையை நோக்கித் தவமியற்றும் திருவண்ணாமலை அன்பர்களுக்கு இஃதோர் இனிய ஒற்றுமை. அடயோகப் பிரதீபிகை கூறும் திராடகமும், கண்ணீர் அரும்பும் வரை ஒரு நுண்ணிய இலக்கை இமையாது நோக்கும் பயிற்சியே. அது கண்ணுக்குரிய தூய்மைச் செயலாகலின், ஆசானின் துணையின்றி மிகைபட முயலுதல் தகாது.

மேனாட்டு அறிஞருள் ஹைன்ரிக் சிம்மர் 1926இல் பெர்லினில் வெளியிட்ட நூலில், இந்தியத் திருவுருவங்களையும் யந்திரங்களையும் அழகுப் பொருள்களாக மட்டும் காணலாகாது. அவை அகப்பார்வையைப் பயிற்றும் கருவிகள் என நிறுவினார். அவரே பிற்காலத்தில் திருவண்ணாமலை மகரிஷியைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். 1943இல் அவர் மறைந்த பின், அடுத்த ஆண்டு சூரிச்சு நகரில் உளவியலறிஞர் யுங் முன்னுரையோடு அது வெளிவந்தது. யந்திரத்தில் தொடங்கிய ஆராய்ச்சி யந்திரம் கடந்த ஞானியிடம் சென்று நின்றது.

மருத்துவத் துறையும் இதனை ஆராயாமலில்லை. 1961இல் டில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்து அறிஞர்களான ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் யோகிகள் சிலரின் மூளை மின்னலைகளைப் பதிந்து, ஆழ்ந்த தியானத்தில் அமைதிக்குரிய ஆல்பா அலைகள் நிலவுவதையும், சிலரிடத்துப் புறத் தூண்டுதல்களாலும் அவை கலையாமையையும் கண்டனர். 1975இல் அமெரிக்க நாட்டு ஆர்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், உடல் தளர்ந்து அமைதியுறுவதற்குரிய வழிகளை ஆராய்ந்து, ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறுதலோ ஒரு குறியை நோக்குதலோ அதற்குத் துணையாகும் என எழுதினார். மூச்சும் இதயத் துடிப்பும் தணிவதைக் கருவிகள் அளந்து காட்டும். எனினும் கருவி அளப்பது இலயத்தையே. அதற்கு அப்பாலுள்ளதை அளக்கும் கருவி அவரவர் உள்ளமே.

சிரமத்தை ஏற்றவர்

மகரிஷி மறைந்த பின், அவர் எழுப்பிய வினாவுக்கு விடையாகும் கடமையைச் சாட்விக் ஏற்றார். ஆசிரமத்தாரை வேண்டி இணங்கச் செய்து, 1953ஆம் ஆண்டு முதல் மேருவுக்கு ஸ்ரீசக்கர பூசனை முறையாக நிகழ வழி செய்தார். வெள்ளிக்கிழமைதோறும், முழுமதி நாளிலும், தமிழ்த் திங்களின் முதல் நாளிலும் அப்பூசனை இன்றும் நடைபெற்று வருகிறது. ஆண்டுக்கொருமுறை ஸ்ரீவித்யா ஓமமும் நிகழ்கிறது. ஆங்கில நாட்டில் பிறந்து படைத்தலைமை தாங்கிய ஒருவர், தமிழகத்துக் கருவறையில் அம்பிகையின் வழிபாடு தொடர்வதற்குக் காரணரானது திருவருளின் விளையாட்டேயன்றோ!

இவ்வரலாறு உணர்த்துவது யாது? குறி தானே ஒருவரையும் உய்விப்பதில்லை. செதுக்கிய சிற்பியின் கவனமும், வெம்மையில் அமர்ந்த முனிவரின் அன்பும், நாள் தவறாது மலரிடும் அருச்சகரின் உழைப்பும், வந்து நின்று நோக்கும் அன்பரின் ஒருமையும் கூடியபோதுதான் கல் மேருவாகிறது. குறியைத் தமக்கென வேண்டாதவர், பிறர் கண் நிலைப்பதற்கென ஓரிடம் அமைத்துத் தந்தார். கரை சேர்ந்தவர், பின்வருவார்க்கென ஓடத்தைத் துறையிலேயே கட்டி வைப்பது போன்றது அது. ஓடம் வேண்டா என்று கரையில் நிற்பவர் கூறுதல் அறிவாகாது. கரை சேர்ந்த பின்னும் ஓடத்திலேயே அமர்ந்திருத்தலும் அறிவாகாது.

குடமுழுக்கு நாளில் கலச நீர் விமானத்தின் மேல் பொழியும்போது, ஆயிரம் ஆயிரம் கண்கள் ஒரே கலசத்தில் குவிகின்றன. அக்கணத்தில் கூட்டத்தின் இரைச்சல் அடங்குகிறது. அவரவர் குறையும் வழக்கும் மறைகின்றன. அவ்வமைதி நாழிகையளவேனும் நீடிக்குமாயின், பார்வையைச் சற்றே உள்முகமாகத் திருப்புதல் எளிது. அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மையும் அதற்குரிய திருவருளை அனைவருக்கும் பாலிப்பாராக!